உசாத்துணைச் சேவையும் எண்ணிக்கையின் எல்லைகளும்

பல்கலைக்கழக நூலகமொன்றின் ஆண்டறிக்கையைப் புரட்டுவோர் அதிற் பல எண்களைக் காண்பர். நூல்கள் எத்தனை, இரவலாகச் சென்றவை எத்தனை, வாயிலைக் கடந்து உள்ளே வந்தோர் எத்தனை பேர் என்பவற்றோடு, உசாத்துணை மேசையில் விடையளிக்கப்பட்ட வினாக்கள் எத்தனை என்பதும் அங்கு இடம்பெறும். முதல் மூன்றும் எளிதில் எண்ணத்தக்கவை. நான்காவதோ இரு மனிதருக்கிடையே நிகழும் உரையாடல் பற்றியது. அதனை எண்ணாக்கும்போது எது வெளிப்படுகின்றது, எது மறைந்துபோகின்றது என்பதையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

வாசகருக்கு நூலகர் நேர்முகமாக உதவவேண்டும் என்ற கருத்து 1876 இல் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க நூலகரால் தெளிவாக முன்வைக்கப்பட்டது. நூலகருக்கும் வாசகருக்கும் இடையிலான உறவு பற்றிய அவரது கட்டுரையே உசாத்துணைச் சேவையின் தொடக்கமாகப் பொதுவாகக் கருதப்படுகின்றது. தமிழ் கூறும் நல்லுலகில் இச்சிந்தனையை வளர்த்தவர் 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். இரங்கநாதன் ஆவார். 1931 இல் வெளிவந்த அவரது நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது, வாசகரின் நேரம் சேமிக்கப்படல் வேண்டும் என வற்புறுத்துவது. இங்கு அளவுகோலாக அமைவது வாசகரின் நேரம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயின் நடைமுறையிற் கையாளப்பட்ட அளவுகோல் வேறு. உசாத்துணை மேசையில் ஒரு தாள் இருக்கும். வினா ஒன்று வந்ததும் அதிற் கோடொன்று இடப்படும். பின்னாளிற் கணினிப் படிவம் தாளின் இடத்தைப் பெற்றது. ஆண்டு முழுவதும் பதிய இயலாத நூலகங்கள் சில வாரங்களை மாதிரியாகக் கொண்டு ஆண்டுத் தொகையைக் கணிப்பதும் உண்டு. எம்முறையைக் கையாளினும், நிழற்படப் பிரதி எடுக்கும் இடம் எங்கே என வினவுவோனுக்கும் ஒரு கோடு. ஆய்வேட்டுக்கான மூலாதாரங்களை நூலகரோடிருந்து அரைநாள் தேடுவோனுக்கும் ஒரு கோடு என்னும் நிலை எளிதில் ஏற்பட்டுவிடுகின்றது. இக்குறையை நீக்கும்பொருட்டே இடங்காட்டும் வினா, உடன்விடை வினா, குறித்த பொருள் பற்றிய தேடல், ஆய்வு வினா என வில்லியம் காட்ஸ் போன்றோர் வகைப்படுத்தினர்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் கார்னகி மெலன் பல்கலைக்கழக நூலகத்தில் உருவான ஆறுபடி அளவுகோல் இன்னும் ஒருபடி முன்னே சென்றது. வினாவுக்கு விடைகாண நூலகர் செலவிடும் முயற்சி, அறிவு, திறன், நேரம் ஆகியவற்றுக்கேற்ப அது ஒன்று முதல் ஆறு வரை மதிப்பிடுகின்றது. புலப்படாதிருந்த உழைப்பைப் புலப்படுத்தியமை அதன் சாதனை எனலாம். எனினும் அதுவும் நூலகரின் பக்கத்தையே அளக்கின்றது. வாசகருக்குக் கிட்டிய விடை சரியானதா, அவரது நேரம் மிஞ்சியதா என்பவற்றை அது கூறாது. நூலகர் அறியாதவாறு நடத்தப்பட்ட சோதனைகளை வைத்து, உசாத்துணை விடைகளுள் ஏறத்தாழ 55 சதவீதமே சரியானவை என ஹேர்னனும் மக்ளூரும் 1986 இல் எழுதியபோது எழுந்த அதிர்ச்சிக்கு இதுவே காரணம். கோடுகள் கூடிக்கொண்டிருந்தன, அவற்றின் பயன் அளக்கப்படாதிருந்தது.

இவ்வெண்கள் வெறும் அறிக்கைக்கு உரியவை அல்ல. பதவிகளும் நிதியும் இவற்றைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. வட அமெரிக்க ஆராய்ச்சி நூலகங்களில் 1990களிலிருந்து உசாத்துணை வினாக்களின் தொகை பெருமளவு வீழ்ச்சியடைந்துள்ளது. எளிய தகவல் வினாக்கள் இணையத் தேடலுக்குச் சென்றமை இதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று. எஞ்சுவன பெரும்பாலும் கடினமானவை, காலம் வேண்டுபவை. தொகையை மட்டும் நோக்கும் நிர்வாகி தேவை குறைந்துவிட்டதென முடிவுசெய்து ஆளணியைக் குறைப்பானாயின், மிகக் கடினமான வினாவுடன் வருபவனே கைவிடப்படுவான்.

இதனினும் பாரதூரமான குறை ஒன்றுண்டு. கேட்கப்படாத வினாவுக்குக் கோடு இல்லை. 1972 இல் வெளிவந்த சிரக்கியூஸ் பல்கலைக்கழக நூலக ஆய்வொன்றில், மனத்தில் வினா இருந்தோருட் பெரும்பான்மையோர் அதனை நூலகரிடம் கேட்க விரும்பவில்லை எனத் தெரியவந்தது. வினா மிக எளியதென்ற கூச்சம், நூலகரைத் தொல்லைப்படுத்தலாகாதென்ற தயக்கம், முன்னைய அனுபவத்தால் வந்த மனக்குறை என்பன அவர்கள் கூறிய காரணங்களுட் சில. மாணவரின் நூலக அச்சத்தை 1986 இல் ஆராய்ந்த கொன்ஸ்ரன்ஸ் மெலன், தமது அறியாமை தமக்கு மட்டுமே உரிய குறை என எண்ணி அதனை மறைக்க மாணவர் முயல்வதைக் காட்டினார்.

இத்தயக்கம் எல்லோரிடத்தும் சமமாக இருக்கும் எனக் கொள்வதற்கில்லை. வீட்டில் நூல்களோடு வளர்ந்தவனுக்கு நூலகரிடம் பேசுவது இயல்பாக வரும். தன் குடும்பத்திற் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதலாமவனோ அம்மேசையை ஓர் அதிகார பீடமாகக் காணக்கூடும். கேட்போரை மட்டும் எண்ணி அவர்களுக்கேற்பச் சேவையை அமைக்கும் நூலகம், ஏலவே வாய்ப்புப் பெற்றவனுக்கே மேலும் வாய்ப்பளிக்கின்றது. நடுநிலையானதாகத் தோன்றும் புள்ளிவிபரம் இவ்வாறு சமூக ஏற்றத்தாழ்வைப் பேணும் கருவியாகிவிடுகின்றது.

ஆகவே எண்ணுதலைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. எண்ணப்படாத உழைப்பு இலகுவில் மறுக்கப்படும் என்பதை அறிவோம். வினாவின் வகையும் அதற்கான உழைப்பும் பதியப்படல் வேண்டும். விடை கிடைக்காது போன வினாக்கள் தனியே குறிக்கப்படின், நூற்சேர்க்கையின் குறைகளை அவையே சுட்டிக்காட்டும். வினவியவரின் பெயர் பதிவேட்டில் இடம்பெறலாகாது. கண்காணிக்கப்படுகின்றோம் என்ற உணர்வு தயக்கத்தைப் பெருக்கும். இவற்றோடு, ஆண்டுக்கொரு முறையேனும் நூலகர் மேசையை விட்டெழுந்து வாசிப்புக் கூடத்துக்கும் விரிவுரை மண்டபத்துக்கும் சென்று, மேசைக்கு வராதோரிடம் ஏன் வரவில்லை என வினவுதல் வேண்டும். எமது பல்கலைக்கழக நூலகங்கள் தமது அறிக்கைகளை வகுக்கையில் இதனையும் ஒரு பகுதியாகக் கொள்ளுமாயின், அவ்வறிக்கை மேசைக்கு வந்தோரைப் பற்றியதாக மட்டுமன்றி மாணவர் அனைவரையும் பற்றியதாக அமையும்.