பகைவயிற் பிரிவும் சிவகாமியின் சபதமும்

போரினாற் பிரிந்த காதலர் இருவரின் கதையைப் பேசும் தமிழ் வரலாற்று நாவல்களுள், 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தியின் 'சிவகாமியின் சபதம்' பெரிதும் பயிலப்பட்டு வருவது. 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடர்கதையாக வெளிவந்த இந்நாவல் நான்கு பாகங்களாக அமைந்தது. பல்லவர் வாதாபியை வென்ற பெருமையைப் பாடும் உரைநடைக் காவியம் என இதனைப் போற்றுவார் பலர். அப்பெருமை நாவலில் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாவலின் உயிர்நிலை அதுவன்று என்பது எம் துணிபு. அகப்பொருள் மரபிற் கூறப்படும் பகைவயிற் பிரிவை ஆசிரியர் தலைகீழாக மாற்றி அமைத்துள்ளார். அம்மாற்றமே நாவலின் அவலச்சுவைக்கு ஊற்று. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் வரலாற்றுக்கும் கற்பனைக்கும் உள்ள எல்லையை வரையறுத்துக்கொள்வோம். சளுக்க மன்னன் இரண்டாம் புலிகேசி பல்லவ நாட்டின்மேற் படையெடுத்ததை 634-ஆம் ஆண்டின் அய்கொளெக் கல்வெட்டுக் கூறுகிறது. முதலாம் நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களிற் புலிகேசியைப் புறங்கண்டதைக் கூரம் செப்பேடு தெரிவிக்கிறது. வாதாபி வீழ்ந்தது 642-ஆம் ஆண்டளவில் என்பது வரலாற்றறிஞர் கொள்கை. அந்நகரின் பாறையிலேயே நரசிம்மவர்மனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. வாதாபியைத் துகளாக்கிய பரஞ்சோதியாரே பின்னர்ச் சிறுத்தொண்டர் ஆயினார் எனப் பெரிய புராணம் மொழிகிறது. இவ்வளவும் சான்றுடையன. ஆயனச் சிற்பியும் அவர் மகள் சிவகாமியும் எந்தச் சான்றிலும் இலர். அவர்கள் ஆசிரியரின் படைப்பு. எனவே போர் வரலாறு தந்தது. பிரிவு கற்பனை தந்தது. நாவலாசிரியரின் உள்ளக்கிடக்கையை அறிய விரும்புவோர் பிரிவையே ஆராய்தல் வேண்டும்.

தொல்காப்பியர் பிரிவின் காரணங்களை வகுக்குமிடத்து ஓதல், தூது ஆகியவற்றோடு பகையையும் எண்ணினார். வேந்தன் பொருட்டு மேற்கொள்ளும் வினை ஓராண்டினுள் முடிதல் வேண்டும் எனவும், பாசறைக்கண் மகளிரொடு கூடியிருத்தல் இல்லை எனவும் வரம்பு செய்தார். இவ்வரம்பினுள் நிற்பதே முல்லை ஒழுக்கம். தலைவன் செல்வான், தலைவி இல்லிருந்து ஆற்றுவாள், மீளும் பருவத்தைச் சொல்லிச் செல்பவன் தலைவன், அச்சொல்லை நம்பி நாளெண்ணுபவள் தலைவி, கார்காலம் வரும், தேர் வரும். நப்பூதனாரின் முல்லைப்பாட்டு இவ்வொழுக்கத்திற்குச் சிறந்த இலக்கியம். நக்கீரரின் நெடுநல்வாடையில் அரசன் பாசறையிலும் அரசி அரண்மனையிலுமாகப் பிரிந்திருக்கும் நிலையோடு பாட்டு நின்றுவிடினும், மீட்சி உண்டு என்னும் நம்பிக்கை அறுவதில்லை.

இனி நாவலை நோக்குவோம். இங்கே பகைவர் நாட்டிற்குச் செல்பவன் தலைவன் அல்லன். சளுக்கர் படையினராற் சிறைபிடிக்கப்பட்ட சிவகாமியே வாதாபிக்குச் செல்கிறாள். தலைவன் தன் நகரிலிருந்து நாளெண்ணுகிறான். ஓராண்டு என்னும் எல்லை ஒன்பது ஆண்டுகளாக விரிகிறது. மீட்சிக்குரிய சொல்லைத் தலைவன் சொல்லவில்லை; தலைவியே சபதமாக மொழிகிறாள். தலைவனின் சொல் பருவத்தைக் குறிப்பது. ஆதலின் அதற்கு முடிவு உண்டு. சிவகாமியின் சொல் பகைநகரின் அழிவைக் குறிப்பது; அது நிறைவேறும் நாளை அவளும் அறியாள்.

இவ்விடத்து ஒரு நிகழ்ச்சி ஊன்றி நோக்குதற்குரியது. மாமல்லனும் பரஞ்சோதியும் மாறுவேடம் பூண்டு வாதாபிக்குச் சென்று சிவகாமியைச் சந்திக்கின்றனர். அவள் அன்றே உடன் வந்திருப்பின் கதை முடிந்திருக்கும். அவள் மறுக்கிறாள். களவில் மீளுதலை இழுக்கெனக் கருதி, வாதாபியை எரித்துத் தன்னை வெளிப்படையாக அழைத்துச் செல்லுமாறு வேண்டுகிறாள். அதுவரை அவர்களைப் பிரித்திருந்தது போர். அக்கணத்திலிருந்து பிரிப்பது சபதம். போர் உடலைப் பிரித்தது. சபதமோ வாழ்க்கையைப் பிரித்தது. இதனைச் சிவகாமியின் பிடிவாதம் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. சிறைப்பட்ட தன் நாட்டு மக்களைக் கசையடியினின்று காத்தற்பொருட்டு வாதாபி வீதிகளில் நடனமாடியவள் அவள். தன் கலை தெருவிற் சிறுமையுற்ற பின்னர், தன்னை மட்டும் இரவில் மீட்டுச் செல்லுதல் அவளுக்கு மீட்சியாகத் தோன்றவில்லை. அவள் மறுப்பில் நியாயம் உண்டு. அந்நியாயமே அவளை அழிக்கிறது. நல்ல அவலத்தின் இலக்கணம் இதுவன்றோ?

சபதம் நிறைவேறுகிறது. வாதாபி எரிகிறது. தேர் வருகிறது. ஆயினும் முல்லைக்குரிய கூட்டம் நிகழவில்லை. பாண்டியன் மகளை மணந்து மக்கள் இருவரைப் பெற்ற மாமல்லனையே சிவகாமி காஞ்சியிற் காண்கிறாள். இறுதியில் ஏகாம்பரேசுவரர் திருமுன் தாலி கட்டிக்கொண்டு இறைவனுக்கே உரியவளாகிறாள். வெற்றியோடு கதையை முடிப்பதே ஆசிரியர் கருத்தாயின், எரியும் வாதாபியோடு நிறுத்தியிருக்கலாம். அவரோ அதற்குப் பின்னரும் கதையை நடத்தி, அந்நான்காம் பாகத்திற்குச் 'சிதைந்த கனவு' எனப் பெயரிட்டார். வெற்றியையும் சிதைவையும் ஒரே பாகத்தினுள் வைத்தது, வெற்றியின் விலையைக் காட்டுதற்கே என்க.

குறைகளையும் கூறுதல் திறனாய்வாளர் கடன். சிவகாமியின் உள்ளத்தை நுணுகிக் காட்டும் ஆசிரியர், மாமல்லன் வேறு திருமணத்திற்கு இசைந்த காலத்து அவன் உள்ளம் பட்ட பாட்டை அவ்வளவு ஆழமாகக் காட்டவில்லை. அரசியல் தேவை என்னும் ஒரு காரணமே பெரும்பான்மையும் அதற்கு விடையாகிறது. பாண்டியன் மகளும் நிழலாகவே நிற்கிறாள். வேடமும் ஒற்றாடலும் மிகுந்து, தொடர்கதையின் வார வேட்கைக்கு ஈடுகொடுக்கும் பகுதிகளும் உள. இவற்றால் மையப் பொருள் சிலவிடத்து மறைந்து தோன்றுகிறது.

இந்நாவலைக் கிருஷ்ணகிரிப் பகுதியிலிருந்து பயிலுங்கால் மற்றொரு பொருளும் புலப்படும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் எல்லைநிலம் இது. ஓசூர்த் தொழிற்சாலைகளில் இன்று அருகருகே நின்று பணிபுரிவோருள் காஞ்சியின் வழியினர் யார், வாதாபியின் வழியினர் யார் எனப் பிரித்தல் இயலாது. இருபேரரசுகள் மோதிய போரை இங்கிருந்து நோக்கின், அது அயலார் போராகத் தோன்றாது. ஒரு வீட்டினுள் நிகழ்ந்த போராகவே தோன்றும். இப்பகுதியின் நடுகற்களும் இதற்குத் துணைநிற்கின்றன. தமிழ் எழுத்துப் பொறித்த கல்லும் உண்டு. கன்னட எழுத்துப் பொறித்த கல்லும் உண்டு. தொறு மீட்டு வீழ்ந்த வீரனை இருமொழியும் ஒன்றுபோலவே போற்றுகின்றன. ஆனால் அக்கற்கள் வீழ்ந்தவன் பெயரையும் அவன் தலைவன் பெயரையும் கூறுமேயன்றி, வீட்டிற் காத்திருந்தவளின் பெயரைப் பெரும்பாலும் கூறா. கல் கூறாது விட்டதைக் கதை கூறுகிறது. கல்வெட்டிற் காணாத சிவகாமியைப் படைத்து, பேரரசுகளின் வெற்றிக்கு இடையே அவளைப் பேசவைத்ததே கல்கியின் அருஞ்செயல்.

ஆதலின் 'சிவகாமியின் சபத'த்தை வாதாபி வெற்றியைப் பாடும் நூலாக மட்டும் மாணவர்க்குக் கற்பித்தல் முறையன்று. பகைநகர் எரிந்ததை எண்ணி மகிழ்வதோடு நின்றுவிடுவோர், நாவலாசிரியர் எழுதிய இறுதிப் பகுதியைப் பயிலாதவரே ஆவர். மரபு வகுத்த பகைவயிற் பிரிவில் வெற்றியும் கூட்டமும் ஒருங்கே வரும். இந்நாவலில் வெற்றி வந்தது, கூட்டம் வரவில்லை. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலேதான் இந்நாவல் வாழ்கிறது.