அரை மார்க்குக்கு ஓர் அப்பீல்

ஐ.இ.எல்.டி.எஸ். எழுதியவர்களைக் கேளுங்கள், ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று சொல்வார்கள். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய அந்த ஊர் நர்சிங் கவுன்சில் (என்.எம்.சி.) லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 கேட்கிறது. ரைட்டிங்கில் 6.5. 2018 வரை ரைட்டிங்கிலும் 7 தான் கேட்டார்கள். நல்ல நர்சுகளெல்லாம் கட்டுரையில் கோட்டை விடுவதைப் பார்த்து அவர்களே அரை பாண்ட் இறங்கி வந்தார்கள். அப்படியும் 7.5, 7, 7 என்று வாங்கிவிட்டு ரைட்டிங்கில் மட்டும் 6 வாங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அப்பா வாங்கின கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அப்பீல் போவதா, மறுபடி எழுதுவதா?

அப்பீலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'என்கொயரி ஆன் ரிசல்ட்ஸ்'. ஆறு வாரத்துக்குள் கேட்க வேண்டும். ரைட்டிங்கை மட்டும் திருத்துங்கள் என்றுகூடச் சொல்லலாம். பழைய மார்க் தெரியாமல் சீனியர் ஒருவர் திருத்துவார். மார்க் மாறினால் கட்டின பணம் வாபஸ், மாறாவிட்டால் கோவிந்தா. பி.காம். படித்த என் புத்திக்கு முதல் பார்வையில் இது நியாயமான ஒப்பந்தமாகத்தான் தெரிந்தது.

ஆனால் பந்தயம் கட்டுவதற்கு முன்னால் கையில் இருக்கிற சீட்டைப் பார்க்க விட வேண்டாமா சார்? விடைத்தாளைக் கண்ணில் காட்டமாட்டார்கள். ரைட்டிங்கை நாலு அளவுகோல் வைத்துத் திருத்துகிறார்கள்: கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, கோவையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம். மார்க் ஷீட்டில் வருவது எல்லாம் சேர்ந்த ஒற்றை எண். சறுக்கியது எங்கே என்று தெரியாமலே பணம் கட்ட வேண்டும்.

நம்ம பிளஸ் டூ பையன் விடைத்தாள் நகல் வாங்கி, வாத்தியாரிடம் காட்டி, அவர் தலையாட்டின பிறகுதான் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுகிறான். தன் விடைத்தாளைப் பார்ப்பது தகவல் உரிமைச் சட்டப்படி மாணவனின் உரிமை என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. நம்ம அரசுத் தேர்வுத் துறை தருவதை பிரிட்டிஷ் கவுன்சில், கேம்பிரிட்ஜ், ஐ.டி.பி. மூவரும் கூட்டாக நடத்தும் தேர்வு தரமாட்டேன் என்கிறது.

லிஸனிங், ரீடிங்குக்கு அப்பீல் போவதில் பெரிய லாபம் இல்லை. நாற்பது நாற்பது கேள்வி, விடை முன்பே முடிவானது. (2023 ஆகஸ்ட் முதல் 2025 செப்டம்பர் வரை, தொழில்நுட்பக் கோளாறால் சிலருக்கு இவற்றில் தப்பு மார்க் போனதாக அவர்களே பின்னால் ஒப்புக்கொண்டது வேறு கதை.) மனுஷன் திருத்துகிற ரைட்டிங், ஸ்பீக்கிங்கில்தான் வாதாட இடம். அதற்கும் முன்னால் உங்களை நீங்களே குறுக்கு விசாரணை செய்துகொள்ளுங்கள். பயிற்சியில், கறாரான வாத்தியார் கையில், தொடர்ந்து 6.5, 7 வாங்கினீர்களா? அறுபது நிமிஷத்தில் இரண்டு பதிலையும் முடித்தீர்களா? இரண்டாவது கட்டுரைக்கு இரட்டை மதிப்பு. அது பாதியில் நின்றிருந்தால் சீனியர் கண்ணுக்கும் பாதிதான் தெரியும். இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் தைரியமாக அப்பீல் போங்கள்.

இல்லையென்றால் மறுபடி எழுதுவதே மேல். பதினைந்தாயிரத்துக்கு மேல் ஆகும், வயிறு எரியும். கம்ப்யூட்டரில் எழுதியிருந்தால் அறுபது நாளுக்குள் ஒரே ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதும் வசதி வந்திருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் அது செல்லாது. நீங்கள் போகப்போகிற நிறுவனத்தைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

நர்சுகளுக்கு இன்னொரு கதவும் 2023-ல் அகலமாகத் திறந்தது. 12 மாதத்துக்குள் எழுதின இரண்டு தேர்வு மார்க்கை என்.எம்.சி. சேர்த்துப் பார்க்கிறது. எதிலும் கேட்டதற்கு அரை பாண்டுக்குமேல் குறையக் கூடாது, அவ்வளவுதான். அதாவது மேலே சொன்ன 7.5, 7, 7, 6 காரருக்கு, அடுத்த முறை நாலிலும் 6.5 வந்தாலே போதும்! இதைத் தெரியாமல் நாலிலும் முழுசாக வாங்க வேண்டும் என்று மருகுகிறவர்கள் பாவம்.

அப்பீல் என்று முடிவு செய்தவர்களுக்கு ஒன்று. அந்த ஆறு வாரம் ரிசல்ட் வந்த நாளிலிருந்து அல்ல, தேர்வு எழுதின நாளிலிருந்து. காலண்டரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.