கடன் பெற்ற பருவம்: டென் போஷ் அருங்காட்சியகத்தின் 2016

2016ஆம் ஆண்டு பிப்ரவரி 13 முதல் மே 8 வரையிலான 86 நாட்களில், நெதர்லாந்தின் தென்பகுதியிலுள்ள வடக்கு பிரபாண்ட் மாகாணத்தின் தலைநகரான டென் போஷில் அமைந்த நோர்ட்பிரபாண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சிக்கு ஏறத்தாழ 4,21,000 பேர் வந்து சென்றனர். நகரின் மக்கள்தொகையே ஒன்றரை இலட்சத்தை ஒட்டியதுதான் என்பதோடு, ஆம்ஸ்டர்டாமைப் போல ஆண்டு முழுவதும் அயல்நாட்டுப் பயணிகள் குவியும் ஊராகவும் அது இல்லை என்பதைக் கருதினால், ஒரு மாகாண அருங்காட்சியகத்துக்கு இது பெரும் வெற்றியே. ஆயினும் அப்பருவத்தின் சாதனையை நுழைவுச் சீட்டுக் கணக்கைக் கொண்டு மட்டும் அளப்பவர்கள், அந்த வெற்றிக்கான அடித்தளம் கதவு திறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இடப்பட்டிருந்ததைக் காணத் தவறுவார்கள்.

அக்கண்காட்சிப் பருவத்தின் நாயகர் ஹீரோனிமஸ் போஷ் என்னும் ஓவியர். வான் ஆக்கன் என்ற ஓவியக் குடும்பத்தில் 1450ஆம் ஆண்டையொட்டிப் பிறந்து, ஊர்ப்பெயரையே தம் பெயராக்கிக்கொண்டு, அந்நகரின் சந்தைச் சதுக்கத்தையொட்டி வாழ்ந்து 1516இல் மறைந்த அவர், நரகக் காட்சிகளையும் மனிதனும் விலங்கும் கலந்த விந்தை உருவங்களையும் தீட்டியதற்காக உலகெங்கும் அறியப்பட்டவர். அவருடைய ஐந்நூறாம் நினைவாண்டைக் கொண்டாட அவரது சொந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஆனால் அந்த ஊரிடம் அவர் தீட்டிய ஓவியம் ஒன்றுகூட இல்லை. படைப்புகள் மத்ரித், வெனிஸ், லிஸ்பன், வியன்னா, பாரிஸ், வாஷிங்டன் என்று சிதறிக் கிடந்தன. அவற்றுள் புகழ்பெற்ற சிலவற்றைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் தம் வசமாக்கிக்கொண்டிருந்தார்.

ஐரோப்பியக் கால்பந்தில் சிறிய சங்கங்கள் பெரிய சங்கங்களிடமிருந்து ஆட்டக்காரர்களை ஒரு பருவத்துக்குக் கடனாகப் பெறுவது வழக்கம். அங்கே கடன் கொடுக்கும் சங்கத்துக்கும், தன் இளம் ஆட்டக்காரர் களத்தில் பழகித் திரும்புவார் என்ற ஆதாயம் உண்டு. பெரிய அருங்காட்சியகங்கள் தமக்குள் ஓவியங்களைக் கடன் கொடுத்து வாங்குவதும் இத்தகைய பரிமாற்றமே. ஓர் ஓவியத்தைக் கேட்பவர் அதற்கு ஈடான இன்னோர் ஓவியத்தைப் பின்னாளில் தரவல்லவராக இருத்தல் வேண்டும். ஈடாகத் தருவதற்கு ஏதுமற்ற ஒரு மாகாண அருங்காட்சியகம், ஐந்நூறு ஆண்டுப் பழமை வாய்ந்த மரப்பலகை ஓவியங்களைப் பயணம் அனுப்புமாறு பாரிஸின் லூவ்ரையும் மத்ரித்தின் பிராடோவையும் எவ்வாறு கேட்க முடியும் என்பதே இயக்குநர் சார்லஸ் டி மோய் முன்னிருந்த கேள்வி. அவருடைய அணி கண்ட விடை, ஓவியத்துக்கு ஈடாக ஆய்வைத் தருவது என்பதாகும்.

2010இல் தொடங்கிய போஷ் ஆய்வு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ், நைமெகன் நகரின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய கலை வரலாற்றறிஞர்களும் பாதுகாப்பு வல்லுநர்களும் அடங்கிய குழு, போஷின் படைப்புகள் இருந்த ஊர்களுக்கெல்லாம் சென்று, எல்லா ஓவியங்களையும் ஒரே முறையில் ஆராயத் தொடங்கியது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் எடுக்கப்பட்ட மிக நுண்ணிய படங்கள், ஊடுகதிர்ப் படங்கள் ஆகியவற்றோடு அகச்சிவப்புப் படங்களும் எடுக்கப்பட்டன. அகச்சிவப்புக் கதிர் மேற்பரப்பு வண்ணத்தை ஊடுருவிச் சென்று, ஓவியர் வண்ணம் தீட்டுவதற்கு முன் பலகையில் வரைந்த கோடுகளைக் காட்டுவது. அடிவரைவு எனப்படும் இக்கோடுகளில் ஓர் ஓவியரின் கைப்பழக்கம், கையொப்பத்தைக் காட்டிலும் நம்பகமாகப் புலப்படும். இதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடமிருந்த ஓவியத்தைத் தன் கருவிகளைக் கொண்டே ஆராய்ந்து வந்ததால், ஒன்றை மற்றொன்றோடு துல்லியமாக ஒப்பிட இயலாதிருந்தது. பழுதுற்ற சில ஓவியங்களைச் செப்பனிடவும் திட்டம் வழிசெய்தது. வெனிஸின் அக்காதெமியா கலைக்கூடத்துக்குரிய படைப்புகள் கெட்டி அறக்கட்டளையின் உதவியோடு புத்துயிர் பெற்றன. சிலுவையில் அறையப்பட்ட நிலையிலுள்ள புனிதப் பெண் ஒருத்தியைக் காட்டும் ஓவியத்தில், பழைய அழுக்கும் மேற்பூச்சும் நீங்கிய பின் அவள் முகத்திலிருந்த மெல்லிய தாடி மீண்டும் தெளிவானதால், அவள் தாடி முளைத்த கன்னியாகப் போற்றப்படும் வில்ஜிஃபோர்ட்டிஸ் என்பது உறுதிப்பட்டது.

இந்த உழைப்பின் பயன் கண்காட்சி அரங்குகளில் வெளிப்பட்டது. இன்று எஞ்சியுள்ளனவாக அறியப்படும் ஏறத்தாழ 24 ஓவியங்களில் 17உம், 20 கோட்டுச் சித்திரங்களில் 19உம் அங்கே திரண்டன. நடுப்பலகையும் அதன்மேல் கதவுகளைப் போல மூடும் இரு பக்கப் பலகைகளும் கொண்ட அமைப்பை முப்பலகை ஓவியம் என்பர். அவ்வகையைச் சேர்ந்த ‘வைக்கோல் வண்டி’யைப் பிராடோ அனுப்பியதால், அது பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு தாழ்நாடுகளின் வடபகுதியில் காட்சிக்கு வந்தது. எனினும், அப்பருவத்தின் மிகச் சிறந்த தருணம் அதனினும் சிறிய ஓவியங்களிலேயே இருந்தது. பாரிஸிலுள்ள ‘மூடர்களின் கப்பல்’, யேல் பல்கலைக்கழகத்திலுள்ள பெருந்தீனிக் காட்சி, வாஷிங்டனிலுள்ள ‘மரணமும் கருமியும்’, ராட்டர்டாமிலுள்ள ‘வழிப்போக்கன்’ ஆகிய நான்கும், பிற்காலத்தில் அறுத்துப் பிரிக்கப்பட்ட ஒரே முப்பலகை ஓவியத்தின் துண்டுகள் என்பது அறிஞர்கள் நெடுங்காலமாக நூல்களில் நிறுவி வந்த கருத்து; அக்கருத்தை எளிய பார்வையாளரும் தம் கண்ணால் சரிபார்க்கும் வகையில் அவை ஒருங்கே வைக்கப்பட்டன. கன்சாஸ் நகர அருங்காட்சியகம் ஓவியரின் பட்டறையைச் சேர்ந்தது என்று கருதி வைத்திருந்த, புனித அந்தோணியாரின் சோதனையைக் காட்டும் சிறு பலகையும் போஷின் கைவண்ணமே என்று குழு அறிவித்தது, கண்காட்சி திறப்பதற்குச் சில நாட்கள் முன்னதாகத்தான்.

ஆனால் ஆய்வை ஈடாகத் தருபவர், ஆய்வின் முடிவு தமக்கு உகந்ததாகவே இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. பிராடோ வசமிருந்த ‘மடமைக் கல்லை அகற்றல்’, புனித அந்தோணியாரைச் சித்திரிக்கும் ஓர் ஓவியம், ஏழு பெரும்பாவங்களைக் காட்டும் மேசைப்பலகை ஆகியவை போஷ் தீட்டியவையல்ல, அவருடைய பட்டறையைச் சேர்ந்தவர்களோ பின்பற்றியவர்களோ தீட்டியவை என்ற முடிவுக்குக் குழு வந்தது. பிராடோ அதை ஏற்கவில்லை. அவற்றுள் அனுப்புவதாக இருந்த இரு ஓவியங்களையும் நிறுத்திக்கொண்டது. கண்காட்சி முடியும்வரை இம்முடிவைத் தள்ளிவைத்திருந்தால் அவ்விரண்டும் அரங்கில் இடம்பெற்றிருக்கக்கூடும். அவ்வாறு செய்யாததே அப்பருவத்தின் மிக உயர்ந்த செயல் என்று கருதத் தக்கது. ஏனெனில், கடன் பெறுவதற்காக ஆய்வு முடிவை ஒருமுறை அடக்கி வாசித்திருந்தால், மற்ற இருபதுக்கு மேற்பட்ட படைப்புகளைப் பற்றி அக்குழு சொன்ன எதற்கும் மதிப்பு இருந்திராது. லிஸ்பனிலும் வியன்னாவிலும் உள்ள பெரிய முப்பலகை ஓவியங்களும், பிராடோவின் ‘இன்பங்களின் தோட்டம்’ என்ற புகழ்பெற்ற படைப்பும் வராமல் போனது வேறு வகை. பயணத்தைத் தாங்காத பலகைகளை அசைக்காதிருப்பது உரிமையாளரின் கடமை.

பருவத்தின் மெய்யான குறை வேறிடத்தில் இருந்தது. 86 நாட்களில் 4,21,000 பேர் என்றால், நாளொன்றுக்குச் சராசரியாக 4,900 பேர். ‘மூடர்களின் கப்பல்’ 58 சென்டிமீட்டர் உயரமும் 33 சென்டிமீட்டர் அகலமுமே கொண்டது. கோட்டுச் சித்திரங்கள் அதனினும் சிறியவை. அருகில் நின்று பொறுமையாக நோக்கினாலன்றி ஒரு பறவைத் தலை மனிதனும் ஒரு சிறு தீச்சுவாலையும் கண்ணில் படாத ஓவியங்கள் இவை. அவற்றுக்கு முன் இத்தனை பேரை நடத்திச் செல்லும்போது ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குவதைத் தவிர்க்க முடியாது. நள்ளிரவு கடந்தும் அரங்கைத் திறந்துவைத்து நிர்வாகம் இதற்கு ஈடுகட்ட முயன்றது. அது கூட்டத்தைப் பரவலாக்கியது; ஆனால் பலகையின் அளவைப் பெரிதாக்க எவராலும் இயலாது. மாகாணத்தின் ஏழு அருங்காட்சியகங்கள் கூட்டாக நடத்திய தொடர் கண்காட்சிகளில், எய்ந்தோவனின் வான் ஆபே, தில்பர்க்கின் டி பாண்ட் போன்றவை சமகாலக் கலைஞர்களை முன்னிறுத்தின. நடுநாயகரின் ஒளியில் அவை போதிய கவனம் பெறவில்லை என்பது வருந்தத் தக்கது.

மே 31 அன்று பிராடோ தன் சொந்த நினைவுக் கண்காட்சியை மத்ரித்தில் திறந்தது. அங்கே வந்தவர்களின் எண்ணிக்கை ஐந்தரை இலட்சத்தைத் தாண்டியது. டென் போஷ் குழு மறுத்த ஓவியங்கள் போஷின் பெயரோடே அங்கே வைக்கப்பட்டன. ஒரே நினைவாண்டில் இரு நிறுவனங்கள் அளித்த இவ்விரு தீர்ப்புகளில் எது நிலைக்கும் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் குழு எடுத்த நுண்படங்கள் இணையத்தில் அனைவருக்கும் திறந்துவைக்கப்பட்டிருப்பதால், இனி அவ்வழக்கில் வாதிட முன்வரும் எவரும், எந்த ஊரிலிருந்தும், வண்ணத்தையும் அதன் அடியிலுள்ள கோட்டையும் அருகருகே வைத்துத் தாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.