கதிர் அறுவை: ஒரு கலைச்சொல்லும் அது மறைக்கும் வேறுபாடுகளும்

மண்டையோட்டைத் திறக்காமல், மூளையின் ஆழத்திலுள்ள இலக்கை ஒரே அமர்வில் கதிர்வீச்சால் அழிக்கும் முறைக்கு 1951இல் ‘ரேடியோசர்ஜரி’ எனப் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு நரம்பு அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல். அறுவையே இல்லாத முறைக்குத் தம் தொழிலின் பெயரை அவர் நீட்டித்தார். தமிழில் அது ‘கதிர் அறுவை’ என்றும் ‘கதிர்வீச்சு அறுவை சிகிச்சை’ என்றும் வழங்குகிறது. முன்னையது சுருக்கமானது, ஆயினும் தொகைப்பொருளில் இடர்ப்படுகிறது. கதிரால் அறுத்தல் என மூன்றாம் வேற்றுமைத் தொகையாக விரிப்பதே ஆக்கியோர் கருத்து. கதிரை அறுத்தல் என இரண்டாம் வேற்றுமையில் விரிப்பவரும் இலக்கணப்பிழை செய்தவராகார். பவானி, அமராவதிப் பாசனப் பகுதிகளின் உழவருக்கு அப்பொருளே முதலில் தோன்றும்.

இவ்விடர்ப்பாடு அகராதியோடு நின்றுவிடுவதாயின் பொருட்படுத்த வேண்டியதில்லை. அது நோயாளியின் இசைவையும் தொடுகிறது. ‘காமா நைஃப்’, ‘சைபர்நைஃப்’ என்னும் வணிகப் பெயர்கள் கத்தியை உருவகமாக நிறுத்துகின்றன. தமிழ்ச் செய்திகளும் விளம்பரங்களும் அக்கத்தி இல்லை என்பதையே சிறப்பாகப் பேசுகின்றன. 1930ஆம் ஆண்டின் உப்பு அறப்போருக்காக நாமக்கல் கவிஞர் இயற்றிய பாடலின் தொடக்கச் சொற்கள் இத்தகைய செய்திகளுக்கு ஆயத்தத் தலைப்பாகிவிட்டன. (கொங்கு நாட்டுக் கவிஞர் எதிர்பார்த்திராத புகழ் இது.) ஆனால் தலைச்சட்டம் பொருத்தும் முறையில், உணர்விழப்பு ஊசிக்குப் பின் நான்கு திருகாணிகள் மண்டையோட்டில் பதிக்கப்படுகின்றன. அதனினும் முக்கியமானது காலம். மூளையின் தமனி–சிரைப் பின்னல் கோளாறில் கதிர் செலுத்திய பின் குழாய்கள் அடைபட இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை குருதிக்கசிவு இடர் நீங்குவதில்லை. ‘ஒரே நாளில் முடியும்’ என்னும் தொடர் சிகிச்சையின் காலத்தைச் சரியாகச் சொல்லி, குணத்தின் காலத்தை மறைக்கிறது. அதை நம்பித் தொடர் பரிசோதனையைக் கைவிடும் நோயாளியின் மீது பழி சுமத்துவது முறையன்று.

உலக நாடுகளிடையே இம்முறையின் பயன்பாட்டில் காணும் வேறுபாடு குறித்த எழுத்துகளிலும் இதே குறை உண்டு. அவை கருவிகளை எண்ணிச் செல்வ நாடு, ஏழை நாடு எனப் பிரித்து நின்றுவிடுகின்றன. லெக்செலின் காமா கருவி 1968இல் ஸ்டாக்ஹோமில் பயன்பாட்டுக்கு வந்தது. இந்தியாவிற்கு வந்தது 1997இல், மும்பை இந்துஜா மருத்துவமனைக்கும் தில்லி எய்ம்ஸ் நிறுவனத்திற்கும். இடைப்பட்ட ஏறத்தாழ முப்பதாண்டு இடைவெளியை அறிவின் பின்தங்கலாகக் கொள்வது தவறு. 1950இல் பி. இராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பணியைத் தொடங்கினார். 1960களிலேயே அங்கு ஆயஅளவுகளால் மூளையின் உள்ளிடம் குறித்துச் செய்யும் அறுவைகள் நடைபெற்றன. கதிர் அறுவைக்கு அடிப்படையான திறன் அதுவே. இல்லாதது முதலீடு. கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள், ஆகவே மூலங்களைப் பெருஞ்செலவில் அவ்வப்போது மாற்ற வேண்டும். அக்கருவி பெரும்பாலும் தலைநோய்க்கே பயன்படும். நேரியல் முடுக்கியோ நாள் முழுதும் பிற புற்றுநோயாளிகளுக்கும் உழைக்கும். அதைக் கொண்டு 1980களின் தொடக்கத்திலேயே கதிர் அறுவை செய்து காட்டிய நகரங்களுள் ஒன்று அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் என்பது, செல்வ நாடு–ஏழை நாடு வாய்பாட்டிற்குள் எளிதில் அடங்குவதில்லை. கோவை போன்ற மாவட்டத் தலைநகரில் முடுக்கியே பொருளியல் நோக்கில் பொருந்துவது; அதைக் குறைபாடாக எண்ணத் தேவையில்லை.

கருவி வந்த பின்னும் நீடிக்கும் வேறுபாடு ஒன்றுண்டு. இம்முறை பொதுவாக 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளுக்கே ஏற்றது. செவி நரம்புக் கட்டியின் முதல் அறிகுறி பெரும்பாலும் ஒரு காதில் மட்டும் கேள்விக்குறைவு. சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறி ஓசையில் ஆண்டுக்கணக்கில் உழைப்பவரிடம் அக்குறையைத் தறியின்மேல் ஏற்றிவிட இடமுண்டு. தறியோசை பொதுவாக இரு காதுகளையும் தாக்கும். ஒரு காது மட்டும் மங்கினால் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வாக்கியம் தொழிலாளரை எட்டாதவரை கட்டி வளர்ந்த பிறகே மருத்துவமனை வருவர். அப்போது மண்டையோட்டைத் திறப்பதே வழியாகும். கருவிகளின் எண்ணிக்கையில் இவ்வேறுபாடு புலப்படாது.

இவ்வகை வாக்கியங்களை எழுதும் மரபு கொங்கு நாட்டிற்குப் புதிதன்று. தி. சு. அவினாசிலிங்கம் 1946இல் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், ஈரோட்டுப் பகுதியைச் சேர்ந்த பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. ஜி. ஆர். தாமோதரனின் ‘கலைக்கதிர்’ இதழ் கோவையிலிருந்தே அறிவியலைத் தமிழில் எழுதிற்று. கலைக்களஞ்சியத்தின் இறுதித் தொகுதி வெளிவந்ததும் 1968இலேதான். அம்மரபு பொருளை விளக்கிய பின்னரே பெயரிட்டது; இன்றைய மருத்துவத் தமிழோ வணிகப் பெயரை முதலில் ஏற்று, விளக்கத்தை விட்டுவிடுகிறது. கருவியின் செயலை நோக்கினால் ‘குவிகதிர்ச் சிகிச்சை’ என்பது பொருத்தமாகப்படுகிறது. 201 அல்லது 192 மூலங்களிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் தனித்தனியே பெருந்தீங்கு செய்யாமல் கடந்து, ஒரு புள்ளியில் குவிந்தே அழிக்கின்றன. ‘குவிகதிர்’ வினைத்தொகை, வேற்றுமை மயக்கத்திற்கு இடமில்லை. குவிலென்ஸைப் பள்ளியில் படித்த எவருக்கும் அது விளங்கும்.