கம்பியைத் தேடும் கரையும் ஆணியைத் தேடும் கரையும்

கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டர் என்றால் புத்தளம் கரையோரத்தில் யாருக்கும் வீட்டு வேலை ஞாபகத்துக்கு வராது. பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கிச் சோதித்த போர்க்காலக் காவலரண்கள்தான் வரும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு கற்பிட்டி, பாலாவி, முந்தல் பக்கம் வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்களுக்கு இன்னொன்றும் உண்டு. போர் முடிந்த 2009க்குப் பிறகு மன்னாரில் விட்டுவந்த காணியைப் பார்க்கப் போனவர்கள், முகக்கவசம் போட்ட ஒருவர் கண்ணிவெடி தேடிக் கருவியை ஆட்டி ஆட்டி வளவை அடி அடியாகத் தடவியதைக் கண்டிருக்கிறார்கள். இவை போதாதென்று, புதையல் தோண்டப் போய் ‘ஸ்கேனரோடு’ பிடிபட்டவர்களின் படம் அடிக்கடி பத்திரிகையில் வருகிறது. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். இந்தியாவிலும் சட்டம் இருக்கிறது. அங்கே 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாவுக்கு மேற்பட்ட புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்கு அறிவிக்கச் சொல்கிறது. பத்து ரூபா என்பது அன்றைய பெறுமதி. ஆனாலும் தமிழ்நாட்டில் இந்தக் கருவியைக் கண்டு ஒருவரும் திடுக்கிடுவதில்லை. விமான நிலையத்திலும் பெரிய கடை வாசலிலும் உடம்பைத் தடவும் மட்டை, அவ்வளவுதான்.

சுவருக்கென்று செய்யப்படும் கருவி இவற்றில் எதையும் சேர்ந்ததல்ல. உள்ளங்கைக்கு அடங்கும், விலையும் கைக்கு எட்டும். வேலை செய்யும் முறை மட்டும் ஒன்று: உள்ளே இருக்கும் சுருளில் மாறுமின்னோட்டம் ஓடி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும், பக்கத்தில் உலோகம் வந்தால் அந்தப் புலம் குழம்பும், குழம்பியதைக் கருவி கீச்சிட்டுச் சொல்லும். எவ்வளவு ஆழம் வரை என்பதைத் தயாரிப்பாளர்களே எழுதித் தருகிறார்கள். இரண்டு நாட்டுக் கடைகளிலும் தெரிந்த பொஷ் ஜிஎம்எஸ் 120ஐ எடுத்தால், இரும்பு 120 மில்லிமீற்றர், செம்பு 80, மின் ஓடும் வயர் 50, மரம் 38. எல்லாம் உச்சக் கணக்கு. கடற்காற்று குடித்த சுவரில் அவ்வளவை எதிர்பார்க்கக் கூடாது.

கருவி ஒன்றுதான். ஆனால் மன்னார் வளைகுடாவின் இந்தக் கரையில் அதைக் கொண்டு தேடுவது வேறு, அந்தக் கரையில் தேடுவது வேறு. காரணம் கூரை.

தமிழ்நாட்டில் எவ்வளவு சிறிய வீடென்றாலும் தளம் போட்டால்தான் வீடு. அரசும் அப்படித்தான் கட்டித் தருகிறது. 2010இல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம் குடிசைகளைக் கொங்கிறீட் கூரை வீடுகளாக மாற்றக் கிளம்பியது. 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை இலட்சம் ரூபா, குறைந்தது 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கொங்கிறீட் தளம் என்று அளவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஓலையும் அஸ்பெஸ்டஸும் கூடாது. ஆகவே இராமநாதபுரத்திலோ தூத்துக்குடியிலோ இந்தக் கருவியை வாங்குகிறவர் முதலில் அண்ணாந்து பார்க்கிறார். கூடத்தில் ஊஞ்சல் மாட்ட வேண்டும், பின்கட்டில் துணி காயப்போடும் கொடி இழுக்க வேண்டும், கடைக்காரர் என்றால் ஜிப்சம் சீலிங் தொங்கவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் தளத்தில் துளை போட வேண்டும்.

அந்தத் தளம் நாலரை, ஐந்து அங்குலக் கனம். அடிப்பக்கத்தில் 8 அல்லது 10 மில்லிமீற்றர் கம்பி, ஏறக்குறைய அரை அடி இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக. மின்விசிறிப் பெட்டியையும் வயர் போகும் குழாயையும் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் கொங்கிறீட் கொட்டுகிறார்கள். தெரியாமல் துளைத்தால் ஒன்று டிரில் முனை கம்பியில் முட்டிக் கருகும். அல்லது குழாய் கிழிந்து வயர் அறுந்து, அந்த அறையின் விளக்கு இனி எரியாது. அந்த வயரைப் பிறகு தேடி எடுப்பதென்றால் தளத்தைக் கொத்த வேண்டும். எனவே அங்கே கருவி சொல்வது ‘இங்கே போடாதே’ என்பதைத்தான். அரை அடிக் கட்டங்களுக்குள் காலியான ஒரு நடுவைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது.

புத்தளம் கரையில் தளம் போட்ட வீடு இல்லாமலில்லை. சிலாபத்திலும் வென்னப்புவையிலும் வெளிநாட்டு உழைப்பில் எழுந்த மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் பொதுவான வீடு சீமெந்துக் கல் சுவர், மேலே மரத்தில் கைமரமும் சலாகையும், அதன் மேல் ஓடு அல்லது அஸ்பெஸ்டஸ் சீற். இடம்பெயர்ந்தோரின் கிடுகுக் கொட்டில்களை நிரந்தர வீடுகளாக்க உலக வங்கி 2007இல் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்திலும் வீட்டுக்காரர் கையில் காசு கொடுத்து அவரையே கட்டவிட்டார்கள். அவர்களும் ஊரில் பழகிய மாதிரியே கட்டினார்கள்.

இந்த வீட்டில் அண்ணாந்து பார்த்தால் கண்ணில் படுவது சீலிங் தட்டு. தட்டையான சீற்றுகளை மரச்சட்டத்தில் ஆணி அடித்து, பொருத்துக்கு மேல் மெல்லிய மரப்பட்டி வைத்து, பூச்சடித்து மறைத்திருப்பார்கள். பத்து வருடம் பூச்சுக்கு மேல் பூச்சடித்த பிறகு சட்டம் எங்கே ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மின்விசிறியை வெறும் சீற்றில் மாட்டினால் சீற்றோடு சேர்ந்து தலையில் விழும். இங்கேதான் கருவியின் அர்த்தம் தலைகீழாகிறது. ஆணி ஒவ்வொன்றாகக் கீச்சிடும். கீச்சிட்ட இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனால் அரை மணியில் சீலிங் முழுவதும் நேர்கோடுகளில் புள்ளிகள். அந்தக் கோடுதான் மரம். தமிழ்நாட்டுக்காரர் உலோகத்தை விலக்கித் துளைக்கிறார், எங்கள் ஆட்கள் உலோகத்தை ஒட்டித் துளைக்கிறார்கள். பழைய சீற் அஸ்பெஸ்டஸாக இருக்கும் என்பதால் இடம் தெரியாமல் நாலைந்து துளை போட்டுப் பார்ப்பதும் ஆகாது. அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாத தூள். போட வேண்டிய ஒரு துளையையும் ஈரத்துணி பிடித்து, மூக்கை மூடி, மெதுவாகப் போட வேண்டும்.

ஒரு தொல்லை: சூட்டைக் குறைக்கக் கூரைக்கு அடியில் அலுமினியத் தாள் விரிக்கும் வழக்கம் இப்போது பரவிவிட்டது. சீலிங்கை ஒட்டி அது கிடந்தால் கருவி எங்கே வைத்தாலும் கத்தும். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது உடம்பில் புதைந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் செய்த கருவி குழம்பியதற்குக் கட்டிலின் உலோகச் சுருள்களும் ஒரு காரணம் என்பார்கள். பெல்லுக்கே வந்த இடைஞ்சல். அலுமினியத் தாள் உள்ள வீட்டில் கருவியை வைத்துவிட்டு ஒரு நல்ல காந்தத்தைக் கையில் பிடித்துச் சீலிங்கை ஒட்டித் தடவலாம். காந்தம் அலுமினியத்தைச் சட்டை செய்யாது, இரும்பாணியைப் பிடிக்கும். உண்மையைச் சொன்னால் சீலிங் வேலையில் பாதியைக் காந்தமே செய்துவிடும்.

காந்தம் தோற்கும் இடம் தென்னை மரம். புத்தளமும் குருநாகலும் கம்பஹாவும் சேர்ந்ததுதான் தென்னை முக்கோணம் என்பதால் கைமரத்துக்கும் சலாகைக்கும் தென்னம் மரம் இந்தப் பக்கத்தில் தாராளம். தோட்டத்தில் நிற்கும்போது அந்த மரத்தில் ஏறாத இரும்பில்லை. எலி ஏறாமல் தகரம் சுற்றி ஆணி அடிப்பார்கள், வேலிக்குத் தூண் மிச்சமாகட்டும் என்று முட்கம்பியை மரத்திலேயே அறைவார்கள், தேர்தல் வந்தால் பதாகை. வேம்போ பலாவோ என்றால் வருடா வருடம் பருத்து ஆணியை உள்ளே விழுங்கிவிடும். தென்னை அப்படிப் பருக்கிற மரமல்ல. ஆணி அடித்த ஆழத்திலேயே கிடக்கும். உப்புக் காற்றில் தலை துருப்பிடித்து உதிர்ந்துபோக, தண்டு மட்டும் காந்தத்துக்கு எட்டாமல் உள்ளே தங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி; தென்னந்தண்டு முழுக்கக் கறுப்பு வரிதானே, கண்ணுக்குத் தெரியாது.

இதில் கெட்ட காலம் என்னவென்றால் தென்னையில் உறுதியான மரம் வெளிப்புற வளையத்தில்தான் இருக்கிறது. நடு மென்மை, வீட்டுக்கு உதவாது. ஆக நல்ல பலகை எங்கே இருக்கிறதோ அங்கேயே ஆணியும் இருக்கிறது. மரம் அரியும் ஆலையில் வாள் ஒரு ஆணியில் பட்டால் பல் போகும், தெறித்தால் ஆளுக்கும் போகும். வீட்டில் பழைய கைமரத்தைச் சீவி மேசைக்கால் செய்கிற ஓடாவிக்கு மின் சீவுளியின் இரண்டு அலகும் ஒரு நொடியில் பாழ். கருவியைச் சரியாகப் பிடிக்கும் விதம் இதுதான்: மோதிரம், மணிக்கூட்டைக் கழற்றிவிட்டு, மரத்தை இரும்பு மேசையில் வைக்காமல் இரண்டு செங்கல்லில் தூக்கி வைத்து, நான்கு முகத்தையும் மெதுவாகத் தடவ வேண்டும். கத்தத் தொடங்கும் இடத்தில் ஒரு சோக்குக்கோடு, நிறுத்தும் இடத்தில் ஒன்று. திருப்பிக் குறுக்காகவும் அதேபோல். நடுவில் உளியால் கிள்ளி ஆணியைப் பிடுங்கிவிட்டு மறுபடி தடவ வேண்டும். ஒன்றைப் பிடுங்கியதும் பக்கத்தில் இன்னொன்று கத்துவது சாதாரணம்.

இந்தியப் பக்கத்தில் இதற்கு இணையான வேலை கரையோரத்தில் இல்லை, உள்நாட்டில் இருக்கிறது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் நிலைகளும் கதவுகளும் விற்பனைக்கு நிற்கின்றன. பர்மாத் தேக்கு. அதை வாங்கி உணவு மேசையாகவோ புத்தகத் தட்டாகவோ மாற்ற நினைக்கிற ஆசாரிக்கும் இதே தலைவலிதான். ஆனால் அங்கே மரத்தின் விலை கருவியின் விலையைப் போலப் பல மடங்கு. ஒரு ஆணிக்காக ஒரு கருவி வாங்கினாலும் கட்டும். எங்கள் தென்னங் கைமரத்துக்கு அந்தக் கணக்குச் சரிவராது. ஊரில் நாலைந்து ஓடாவிமார் சேர்ந்து ஒன்றை வாங்கிப் புழங்குவதே புத்தி.

உப்பு விஷயத்தில் மட்டும் இரண்டு கரையும் ஒரே சோற்றைத்தான் தின்கின்றன. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் துருவினால் 2022 டிசம்பரில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு அந்த வசதி கிடையாது. கம்பி துருப்பிடித்தால் பருமன் பல மடங்காகி உள்ளிருந்தே கொங்கிறீட்டைப் பிளக்கும். அதைத் தள்ளிப்போடுவது கம்பிக்கு மேலுள்ள கொங்கிறீட்டின் கனம். இந்தியாவின் ஐஎஸ் 456 விதி சாதாரண இடத்துக்கு 20 மில்லிமீற்றர் என்றால் கடலோரச் சூழலுக்கு 45, உப்புநீர் தெறிக்கும் இடத்துக்கு 50 கேட்கிறது. இலங்கைப் பொறியியலாளர்கள் நெடுங்காலம் பிரித்தானிய பிஎஸ் 8110ஐப் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள். கடற்கரைக்குக் கனம் கூட்ட வேண்டும் என்பது அதிலும் உண்டு. ஆனால் வரைபடமே இல்லாமல் மேசன் பாஸ் கட்டிய வீட்டிலும் கொத்தனார் கட்டிய வீட்டிலும் எந்த விதியையும் தேட முடியாது.

அப்படியென்றால் கருவியை வைத்துக் கம்பியின் ஆழத்தை அளக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. மலிவுக் கருவியை இதற்கு நம்பக் கூடாது என்பது என் எண்ணம். ஆழத்தில் கிடக்கும் தடித்த கம்பியும் மேலே கிடக்கும் மெல்லிய கம்பியும் அதற்கு ஒரே சத்தம்தான். அதோடு துரு, நல்ல இரும்பைப் போல மின்னோட்டத்தைக் கடத்தாது. மிச்சமிருக்கும் இரும்பு குறையக் குறையச் சத்தமும் தளரும். லிண்டலில் சத்தம் ஒரே சீராக ஓடிவந்து ஓரிடத்தில் தளர்ந்தால், அந்த இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளென்று கேட்டால் பூச்சை உடைத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. கண்ணிவெடி அகற்றுகிறவர்களும் சத்தத்தை அப்படியே நம்பிவிடுவதில்லை. சத்தம் வந்த இடத்தை மெல்லிய கம்பியால் சாய்வாகக் குத்திப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள்.

கருவிக்குப் பிடிபடாத ஆபத்து தண்ணீர்க் குழாய். இரண்டு நாட்டிலும் இப்போது பிளாஸ்டிக் பைப்தான். மெட்டல் டிடெக்டருக்கு அது காற்று மாதிரி. பழைய இந்திய வீடுகளில் புதைத்த இரும்புக் குழாய் கத்தும், புது வீட்டில் கத்தாது. மின் வயரிலும் ஒரு பொறி இருக்கிறது. மின் ஓடுகிறதா என்று பார்க்கும் பகுதி, மின் ஓடினால்தான் சொல்லும். சுவிச்சை நிறுத்திவிட்டுத் தேடினால் சுவிச்சுக்கு அப்பாலுள்ள வயர் செத்துக் கிடக்கும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்படிப்பட்ட நேரத்தில் பற்றறியில் இயங்கும் டிரில்லை எடுத்துக்கொண்டு சுவரைத் தடவினால் அந்தப் பகுதி ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்லியிருக்கும். ஆகவே முதலில் எல்லா விளக்கையும் விசிறியையும் போட்டுத் தேடி அடையாளம் வைக்க வேண்டும். பிறகு மெயினை நிறுத்திவிட்டுத் துளைக்க வேண்டும். ஈரம் ஊறிய சுவரில் மின் அடையாளம் அகலப் பரந்து தெரியும், அப்போது வயர் இருக்கும் கோடு எது என்று பிரிக்க முடியாது. கற்பிட்டியில் சோளகக் காற்றுக் காலத்தில் கடலைப் பார்த்த சுவரில் இந்தத் தொல்லை அதிகம்.

மன்னாரில் இந்தியாவின் கையும் இலங்கையின் கையும் ஒரே வீட்டில் கலந்திருப்பதைப் பார்க்கலாம். இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் வடக்கு கிழக்கில் புது வீடு கட்டிய பயனாளிகளுக்கு ஐந்தரை இலட்சம் இலங்கை ரூபா கொடுத்தார்கள். புத்தளத்திலிருந்து திரும்பிப் போனவர்களும் அதில் கட்டினார்கள். காசு இந்தியாவினது, கூரையோ தமிழ்நாட்டுத் தளமல்ல, மரமும் ஓடும். அந்த வீட்டில் துளை போட வேண்டுமானால் தளத்தைத் தேடி அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. கம்பி இருப்பது லிண்டலிலும் தூணிலும். வயர் சுவிச்சிலிருந்து நேர் மேலே ஏறும். பைப் குழாய்வாயிலிருந்து நேர் கீழோ மேலோ போகும். இந்த மூன்று கோட்டையும் பென்சிலால் இழுத்துவிட்டு, மிச்சச் சுவரில் கருவியை ஓட்டினால் போதும்.