தோட்டத்துக்குப் பெயர் எழுதுதல்

1983இல் பாலஸ்தீனம் குறித்து ஜெனீவாவில் ஐ.நா. மாநாடு ஒன்று நடந்தது. புகைப்படக் கலைஞர் ழான் மோர் எடுத்த பாலஸ்தீனர்களின் படங்களை அங்கே மாட்டலாம் என்று எட்வர்ட் செய்த் யோசனை சொன்னார். மாட்ட அனுமதித்தார்கள், ஆனால் படத்தின் கீழே இடத்தின் பெயருக்கு மேல் ஒரு சொல்லும் இருக்கக்கூடாது என்றார்கள். அந்த மறுப்பிலிருந்து பிறந்த நூல், அவரும் மோரும் 1986இல் வெளியிட்ட ‘கடைசி வானத்துக்குப் பிறகு’. 1935இல் ஜெருசலேமில் பிறந்த செய்த், அதை எழுதியபோது நியூயார்க்கில் பேராசிரியர். சொந்த ஊரை அவர் மறுபடி பார்த்தது 1992இல்தான். அதனால் மற்றவர் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு எழுதினார். படத்தில் இருப்பவரைத் தனக்குத் தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதினார். பிறந்த மண்ணை எழுதுபவருக்கு இரண்டு கடமைகள் உண்டு என்பதை இந்த நூல் காட்டுகிறது: சொல்லும் உரிமையைக் கேட்டு வாங்குவது, தனக்குத் தெரிந்ததன் எல்லையைக் காட்டுவது. மலேசியத் தமிழர்களின் தோட்ட எழுத்து முதல் கடமையைச் சிறப்பாகச் செய்திருக்கிறது. இரண்டாவதில் அது தளர்ந்திருக்கிறது என்பதே என் கருத்து.

முதலில் அதன் பலம். மலாயாவின் ரப்பர் வரலாறு மலாக்காவில் தொடங்குகிறது. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. நட்டவரின் பெயர் பாடநூலில் இருக்கிறது. அந்தத் தோட்டங்களில் பின்னர் மரம் சீவியவர்களின் பெயர்கள் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டோடு போயின. கம்பெனி அறிக்கைக்குத் தேவைப்பட்டது ஏக்கரும் விளைச்சலும் மட்டும்தான். விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்பது, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தீம்பாருக்கு ஓடுவது, மழை பெய்தால் அன்றைய சம்பளம் போவது, கிராணியின் பேனாவுக்கு அஞ்சுவது: இவையெல்லாம் இன்று நமக்குத் தெரிகின்றன என்றால் கதை எழுதியவர்களால்தான். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டு மாண்ட தமிழர்களுக்குப் பிறர் நினைவுச்சின்னம் எழுப்பக் காத்திராமல், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் அந்த வேலையைச் செய்தன. செய்த் கேட்ட உரிமையை இவர்கள் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

குறை தொடங்குவதும் இங்கேதான். கதைகள் பெருகப் பெருக ‘தோட்டம்’ ஒரே தோட்டமாகிவிட்டது. துரை, கங்காணி, கள்ளுக்கடை, இடிந்த லயம், முனியாண்டி கோயில். பெயரை மாற்றினால் கெடாவுக்கும் பொருந்தும், ஜொகூருக்கும் பொருந்தும். எங்கும் பொருந்துவது எந்த ஊரையும் காட்டுவதில்லை. மலாக்காவையே எடுத்துக்கொள்வோம். 1967இல் புக்கிட் அசகான் தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கிக் கோலாலம்பூரை நோக்கி நடந்தார்கள். கண்ணீர்க் கதையின் அச்சில் அந்த நடைக்கு இடமில்லை. அந்தக் கதையில் தொழிலாளி துன்பப்படுவார், எழமாட்டார். தமிழரின் தொடக்கமே தோட்டம்தான் என்ற இன்னொரு பழக்கமும் இந்த மாநிலத்தில் பொருந்தாது. தமிழ் வழிவந்த மலாக்காச் செட்டிகளின் பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் எழுந்தது. ரப்பர் வந்ததோ அதற்கு நூறாண்டுக்கும் பிறகு. அவர்கள் வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. தமிழ் வேர் கொண்ட முன்ஷி அப்துல்லா, தான் பிறந்த மலாக்காவையும் அதன் கோட்டை தகர்க்கப்பட்டதையும் ‘ஹிக்காயாத் அப்துல்லா’வில் மலாயில் எழுதிவைத்தார். லயத்தை மட்டும் பூர்வீகமாகக் கொண்டால், இந்த மண்ணில் நமக்குள்ள ஆழத்தில் பாதியை நாமே வெட்டிவிடுகிறோம்.

நாவல் என்ன, கிராமப் பதிவேடா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது; புள்ளிவிவரம் கலையாகாது. ஆனால் இடத்தின் பெயர் கலையைக் கெடுப்பதில்லை. ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவல் கெடாவின் லூனாஸை லூனாஸ் என்றே சொல்லி, 1981இல் அங்கே நிகழ்ந்த விஷச் சாராயச் சாவுகளைத் தொடுகிறது. அதனால் அதன் புனைவு வலுவிழக்கவில்லை. மறுபக்கம், மானிடவியலாளர் ஆர். கே. ஜெயின் ஒரு தோட்டத்தில் தங்கி ஆராய்ந்து, 1970இல் நூலாக்கியபோது அதற்குப் ‘பால் மெலாயு’ என்று புனைபெயர் இட்டார். தகவல் தந்தவர்களைக் காப்பது ஆய்வாளரின் கடமை. அவருக்குப் பெயரை மறைக்கக் காரணம் இருந்தது. அந்தத் தோட்டத்தில் பிறந்த எழுத்தாளருக்கு அதே காரணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெளியாள் நுணுக்கத்தைத் தந்து பெயரை எடுத்துக்கொண்டார். உள்ளாள் பெயரையும் தராமல் நுணுக்கத்தையும் குறைத்தால், எஞ்சுவது வெறும் ஏக்கம்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. பாலஸ்தீனர்கள் போரில் விரட்டப்பட்டவர்கள். அவர்களுக்கு நிலமும் சாவியும் பத்திரமும் இருந்தன. தோட்டம் என்றைக்கும் நம்முடையதாக இருந்ததில்லை. வேலை போனால் லயமும் போகும். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? துயரத்தை ஒப்பிட முடியாது, ஒப்பிடவும் கூடாது. எழுதும் முறையை ஒப்பிடலாம். வாலித் காலிதியின் குழு 1992இல் வெளியிட்ட ‘எஞ்சியதெல்லாம்’ என்ற நூல், 1948இல் அழிந்த 418 ஊர்களை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்தது: மக்கள்தொகை, நிலம், வீடுகள், இன்று அங்கே நிற்பது என்ன என்பது வரை. பத்திரம் உள்ளவர்களே இத்தனை நுணுக்கமாக எழுதவேண்டியிருந்தது. பத்திரமே இல்லாதவர்களுக்கு எழுத்தைத் தவிர வேறு பத்திரம் ஏது? துண்டாடலின் காலத்தில் தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டபோது, அதைத் தடுக்கத் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியிடம் சம்பளப் பணத்தைச் சேர்த்து மண்ணை வாங்கச் சொன்ன முயற்சி அது. மண்ணை வாங்குவது எல்லாருக்கும் கைகூடவில்லை. எழுதிவைப்பதற்கு ஏக்கர் கணக்கில் பணம் வேண்டியதில்லை.

ஆகவே நம் எழுத்தாளர்களிடம் கேட்கவேண்டியது குறைந்த கண்ணீரையோ கூடுதல் கண்ணீரையோ அல்ல. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த ஆண்டு, ரப்பரை அழித்துச் செம்பனை வந்தது எப்போது, சனம் ஜாசினுக்குப் போனதா, மலாக்கா டவுனுக்குப் போனதா என்பதைக் கேட்கவேண்டும். தெரியாத இடத்தில், செய்த் போல, தெரியாது என்றே எழுதட்டும். ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ என்ற மலாய்ச் சொல் தங்கியிருக்க, சுற்றிலும் தோட்டமே இல்லாத காட்சியை இந்த நாட்டில் பல இடங்களில் காணலாம். ஜெனீவாவில் படத்துக்குக் கீழே இடத்தின் பெயர் மட்டும் இருந்தது, கதையைத் தடுத்துவிட்டார்கள். நம்மிடம் கதை இருக்கிறது. அதன் கீழே இடத்தின் பெயரை நாம்தான் எழுதாமல் விட்டிருக்கிறோம்.