‘அயெலித்தா’: வானத்தின் புதல்வர்களும் செவ்வாயின் தொழிலாளரும்

விண்வெளிச் சாகச நாவல் என்றதும் முகஞ்சுளிக்கும் பழக்கம் முற்போக்கு இலக்கியத்தில் ஈடுபாடுடைய நம்மவர் பலரிடம் வேரூன்றியிருக்கின்றது. நிலத்திற் கால் பதியாத கற்பனை, வாழ்க்கைப் பிரச்சினைகளினின்று வாசகனைத் திசைதிருப்பும் கேளிக்கை என்று ஒரே வாக்கியத்தில் அதனைத் தள்ளிவிடுவர். ஆனால், அத்தகைய நூலொன்று சோவியத் மண்ணிலிருந்து வந்து, அதில் தொழிலாளர் கிளர்ச்சியொன்றும் இடம்பெற்றுவிட்டாற் போதும், அவர்களே அதனை ஆராயாது பாராட்டவும் முன்வருவர். இவ்விரண்டும் நூலைப் படியாதவர் கூற்றுகளே. அலெக்ஸி டால்ஸ்டாயின் ‘அயெலித்தா’ இவ்விரு தீர்ப்புகளுக்கும் அடங்காத நாவல் என்பது நமது கருத்து.

இந்த டால்ஸ்டாய், ‘போரும் அமைதியும்’ எழுதிய லியோ டால்ஸ்டாய் அல்லர். 1883ஆம் ஆண்டிற் பிரபுக் குடும்பமொன்றிற் பிறந்து, புரட்சியின் பின்னர் நாட்டைவிட்டு வெளியேறிப் பாரிசிலும் பேர்லினிலும் வாழ்ந்து, 1923ஆம் ஆண்டில் தாயகம் திரும்பியவர். ‘அயெலித்தா’ அவர் பேர்லினில் இருந்த காலத்தில் உருவாகி, 1922-23ஆம் ஆண்டுகளிற் சோவியத் இலக்கிய ஏடாகிய ‘கிராஸ்னயா நோவ்’ இதழில் வெளிவந்தது. வெளியேறியவன் ஒருவன் திரும்பிச் செல்வதா வேண்டாமா என மனத்துள் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்துப் படைப்பு இது என்பதை நினைவிற் கொண்டால், நாவலில் வரும் இரு பயணிகளையும் விளங்கிக்கொள்வது எளிதாகும்.

ஒருவன் எஞ்சினியர் லோஸ். மனைவியை இழந்த துயரத்தினின்று ஓட விரும்புபவன். செவ்வாய் அவனுக்கொரு புகலிடம். மற்றவன் கூசெவ். படையிலிருந்து விடுவிக்கப்பட்ட செஞ்சேனை வீரன். நான்கு குடியரசுகளை நிறுவியதாகச் சொல்லிக்கொள்பவன். ஒருமுறை முந்நூறு பேரைத் திரட்டிக்கொண்டு இந்தியாவை விடுவிக்கப் புறப்பட்டு மலைப்பனியில் அகப்பட்டுத் திரும்பியவன். அமைதிக்கால வாழ்க்கை அவனுக்குச் சலித்துவிட்டது. பெற்றோகிராட் நகரச் சுவரொன்றில் ஒட்டப்பட்டிருந்த அறிவித்தலே இவ்விருவரையும் ஒன்றுசேர்க்கின்றது. செவ்வாய்க்குப் போக விரும்புவோர் வந்து சந்திக்கலாம் என்கிறது அவ்வறிவித்தல். போரும் பஞ்சமும் தின்று எஞ்சிய நகரமொன்றில், உடைந்த வீடுகளுக்கிடையே, இப்படியொரு தாள் ஒட்டப்பட்டிருப்பதை ஆசிரியர் மிக இயல்பாகச் சொல்லிச் செல்கின்றார். நாவலின் தொடக்க அத்தியாயங்களுக்கு நிகரான யதார்த்தச் சித்திரிப்பை இவ்வகை நூல்களிற் காண்பது அரிது. பறக்கும் இயந்திரத்தின் விஞ்ஞானம் அத்துணை உறுதியானதன்று. பயணம் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றது. அதனை நாம் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. செவ்வாயிற் கால்வாய்களும் நகரங்களும் இருக்கலாம் என்ற நம்பிக்கை அக்காலத்தில் முற்றாகச் சாகவில்லை. 1965ஆம் ஆண்டில் மாரினர் 4 அனுப்பிய படங்களே அந்த நம்பிக்கையைப் புதைத்தன.

இந்நாவலின் சிறப்பை உணர, அதே செவ்வாயைக் களமாகக்கொண்ட அமெரிக்க நாவலொன்றை அருகில் வைத்துப் பார்த்தல் நன்று. எட்கார் ரைஸ் பரோஸ் எழுதிய ‘செவ்வாயின் இளவரசி’ 1912ஆம் ஆண்டிற் தொடராகவும் 1917ஆம் ஆண்டில் நூலாகவும் வந்தது. அதன் நாயகன் ஜோன் கார்ட்டர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காத்து நின்ற தென்பகுதியின் படைத்தலைவன். அரிசோனாவில் அப்பாச்சி மக்களிடமிருந்து தப்பிக் குகையொன்றுட் புகுந்தவன் செவ்வாயிற் கண்விழிக்கின்றான், அங்குள்ள பச்சை மனிதரை வாள்வலியால் வெல்கின்றான், இளவரசியை மணக்கின்றான். வெள்ளை வீரன் சென்றவிடமெல்லாம் தலைவனாவான் என்ற ஏகாதிபத்தியக் கனவு இங்கு கிரகம் மாறியிருக்கின்றது, அவ்வளவே. ஆனால், விறுவிறுப்பில் டால்ஸ்டாய் பரோசுக்கு இணையாகார் என்பதையும் மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். மாணவன் ஒருவன் பரோசை ஒரே இரவிற் படித்து முடித்துவிட்டு ‘அயெலித்தா’வை நடுவிலே வைத்துவிட்டானாயின் அவனைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அந்த நடுப்பகுதியிலேதான் நாவலின் உயிர் இருக்கின்றது. செவ்வாயை ஆளும் எஞ்சினியர் பேரவையின் தலைவன் துஸ்கூபின் மகள் அயெலித்தா, தன் கிரகத்தின் வரலாற்றை லோசுக்குக் கதையாகச் சொல்கின்றாள். முன்னொரு காலத்தில் அழிந்துபோன அத்லாந்திஸ் நாட்டவர் பூமியிலிருந்து பறந்து வந்து செவ்வாயில் இறங்கினர், அங்கு வாழ்ந்த மக்களை வென்று அடக்கினர், அவர்களோடு கலந்தனர், அவ்வெற்றியாளரின் வழிவந்தோரே இன்றைய ஆளும் வர்க்கத்தினர். அதாவது, செவ்வாயின் பழைய எசமானரும் வானத்தின் புதல்வரே. இப்பொழுது வந்திறங்கிய லோசும் கூசெவும் வானத்தின் புதல்வரே. பொழுதுபோக்குக்காகச் சேர்க்கப்பட்ட புராணம் என்று இப்பகுதியைத் தள்ளிவிடுவோர் நூலின் திறவுகோலைத் தவறவிடுகின்றனர். கூசெவ் வந்த சில நாட்களிலேயே செவ்வாயைச் சோவியத் குடியரசோடு இணைத்து எழுத்திற் பெற்றுவிட வேண்டும் என்று பேசத் தொடங்குகின்றான். வாசகன் சிரிக்கின்றான். ஆயினும், அயெலித்தாவின் கதையைக் கேட்ட செவிக்கு அச்சிரிப்பு முழுமையாக வருவதில்லை. விடுவிக்க வருபவனும் வென்றடக்க வருபவனும் ஒரே வாயிலால் நுழையக்கூடும் என்பதை, புரட்சி நடந்து ஐந்தாண்டு கழியுமுன்னர், புரட்சியை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்த ஓர் எழுத்தாளர் எழுதியிருக்கின்றார்.

துஸ்கூபின் பேரவை உரை இன்னொரு சிகரம். தம் இனம் மூப்படைந்துவிட்டது, அழிவு தடுக்கவொண்ணாதது, நகரமே குழப்பத்தின் ஊற்று, ஆகவே நகரத்தை அழித்துவிட்டு எஞ்சிய காலத்தை அழகாகக் கழிப்போம் என்கிறான் அவன். 1918ஆம் ஆண்டில் முதற் பகுதி வெளிவந்த ஸ்பெங்லரின் ‘மேற்குலகின் வீழ்ச்சி’ அக்கால ஐரோப்பிய அறிவாளரிடையே பரப்பிய சோகத்தை இங்கு எளிதில் இனங்காணலாம். ஆனால் அச்சோகம் யாருடையது என்ற கேள்வியை டால்ஸ்டாய் எழுப்பிவிடுகின்றார். உலகம் முடியப்போகின்றது என்று அழகாகப் பேசுபவனுக்கு உணவும் மாளிகையும் இருக்கின்றன. நகரத்தோடு அழியப்போவோர் தொழிலாளர். ஆளும் வர்க்கம் தன் முடிவையே மனிதகுலத்தின் முடிவாகக் காட்டும் தந்திரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சாகச நாவலொன்றை நாம் கண்டதில்லை.

நாவலின் குறை இதற்குப் பின்னரே தொடங்குகின்றது. துஸ்கூபை எதிர்க்கும் கோர் என்பானும் ஓர் எஞ்சினியரே. தம் மக்களிடமிருந்தன்றி, பூமியிலிருந்து வந்த புது இரத்தத்திடமிருந்தே அவன் மீட்சியை எதிர்பார்க்கின்றான். கிளர்ச்சி மூளும்போது கட்டளையிடுபவன் கூசெவ். தயங்கி நிற்போர் செவ்வாய்த் தொழிலாளர். அவர்களுள் ஒருவனது வீட்டையோ உணவையோ நாவலில் எங்கும் காணோம். சுரங்கத்திலும் ஆலையிலும் எத்தகைய உழைப்பு அவர்களை இக்கிளர்ச்சிக்குத் தள்ளிற்று என்பதும் வாசகனுக்குப் புலப்படுவதில்லை. அடக்கப்பட்ட கிளர்ச்சியின் தோல்விக்காக நாம் வருந்துவதைவிட, அயெலித்தாவைப் பிரியும் லோசுக்காக வருந்துமாறே கதை அமைந்துவிடுகின்றது. பேர்லினிலிருந்து புரட்சியைப் பார்த்தவருக்குக் கூசெவ் போன்ற தனிவீரன் தெரிந்திருக்கின்றான். அவன் பின்னால் நின்ற கூட்டம் தெரியவில்லை. இதனைக் காலத்தின் குறையென்று மன்னிக்கவும் இயலாது. அலெக்சாண்டர் பொக்தானவ் 1908ஆம் ஆண்டிலேயே ‘செந்தாரகை’ என்ற நாவலிற் செவ்வாயின் பொதுவுடைமைச் சமுதாயத்தை அதன் தொழிற்சாலைகளோடும் உழைப்புப் பங்கீட்டோடும் காட்டியிருந்தார். கலைநயத்தில் டால்ஸ்டாய் அவரை வெகுதூரம் விஞ்சுகின்றார். உழைப்பைப் பற்றிய அறிவில் அவருக்குப் பின்னால் நிற்கின்றார்.

1924ஆம் ஆண்டில் புரோத்தசானவ் எடுத்த திரைப்படம் இச்சிக்கலுக்கு வேறு தீர்வு கண்டது. செவ்வாய்ப் பயணத்தை எஞ்சினியரின் கனவாக்கியது. கிளர்ச்சியைத் தன் அதிகாரத்துக்குப் பயன்படுத்தித் தொழிலாளரைக் காட்டிக்கொடுப்பவளாக அயெலித்தாவை மாற்றியது. அரசியல் நேராயிற்று, நாவலில் இருந்த மனக்குழப்பம் போயிற்று. அக்குழப்பத்தையே நாம் பெரிதும் மதிக்கின்றோம். பூமிக்குத் திரும்பிய கூசெவ், செவ்வாயில் எஞ்சிய தொழிலாளரை மீட்கப் படையனுப்பும் சங்கமொன்றை அமைக்கின்றான். லோசோ தொழிற்சாலை வேலையில் ஆழ்ந்துவிடுகின்றான். இறுதியில் விண்வெளியிலிருந்து வானொலியிற் கேட்கும் குரல் அவனையே தேடி அழைக்கின்றது. கூசெவை நேசித்த பணிப்பெண் இஹா என்னவானாள் என்பதற்கு அவ்வத்தியாயத்தில் இடமில்லை. வகுப்பிலே இந்நூலைப் படிக்கக் கொடுக்கும் ஆசிரியர், லோசின் காதலைப் பற்றி எழுதச் சொல்வதற்குப் பதிலாக, இஹாவின் வாயால் இதே கதையை எழுதிவரச் சொல்வாராயின், மாணவர் நாவலை மீண்டும் முதலிலிருந்து படிக்க நேரிடும்.